வண்டி யாருடையது?

இந்த நாட்டு உதிரிப்பாகக் கடைகளில் தேய்ந்த சாமானை யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. ஐந்து குளிர்காலங்கள் யோசித்து, சென்ற மார்கழியில் பனிமேல் ஓடும் பழைய ஸ்னோமொபைல் வண்டி ஒன்றை வாங்கினேன். என்னோடு வேலை செய்யும் இவானும் அவன் கூட்டாளிகளும் சனிக்கிழமைகளில் உறைந்த ஏரியை வரிசையாகக் கடப்பார்கள். அந்த வரிசையில் ஒரு தடவையாவது போகவேண்டும் என்பது என் மகள் அனோஜாவின் ஆசை. அதற்கு முதல், எஞ்சினின் விசையைக் கீழே கொண்டுபோகும் ரப்பர் பெல்ட்டை மாற்றவேண்டியிருந்தது. பழையதைக் கழற்றி, அகலத்தை மூன்று இடங்களில் அளந்து, குறிப்பேட்டில் எழுதி, காகிதத்தில் சுற்றிக்கொண்டு மகளோடு லவால் நகரிலுள்ள உதிரிப்பாகக் கடைக்குப் போனேன்.

கவுன்டரில் நின்றவர் பொதியை விரிக்கவேயில்லை. என்னைத்தான் பார்த்தார். "உங்கள் முதலாளிக்கா, முஸ்யூ?" என் பிரெஞ்சு அரைகுறை. அந்தக் கேள்வி மட்டும் ஒரு சொல் தப்பாமல் விளங்கியது.

"எனக்கு," என்றேன். அவர் வேறேதோ கேட்டார்.

"வண்டியின்ர மொடல் நம்பரைக் கேக்கிறார், அப்பா."

"அளவு இருக்கு. முப்பத்துமூண்டு மில்லிமீற்றர். அதைச் சொல்லு."

சொந்தக்காரரையே நம்பரோடு வரச் சொல்லுங்கள் என்றார் அவர். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை; அதுவும் எனக்கு விளங்கியது. காது சிவக்க நின்றாள்.

பொருளாதாரத் தடைக் காலத்து யாழ்ப்பாணத்தில் எந்தக் கடைக்காரரும் நம்பர் கேட்டதில்லை. தேய்ந்ததை வாங்கி விரலால் தடவி, வேறொரு வண்டியின் சாமானில் அதே அளவைத் தேடித் தருவார்கள். அப்படி ஒப்பேற்றி, மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிளில் காய்ச்சல்காரரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போயிருக்கிறேன். அந்தப் பழக்கத்தோடு கோபமும் சேர, விடாப்பிடியாக நின்று முப்பத்துமூன்று மில்லிமீற்றர் பெல்ட்டையே வாங்கி வந்தேன்.

சனிக்கிழமை இவானின் முற்றத்தில் அதை மாட்டினேன். எஞ்சின் கத்தியது, வண்டி ஒரு முழம் நகர்ந்து நின்றது. "தேய்ந்த பெல்ட்டையா அளந்தாய்?" என்று இவான் சிரித்தான். புதிதில் அது முப்பத்தைந்து. வரிசை எங்களை விட்டுவிட்டு ஏரிக்குப் போனது.

"உங்கட அளவை நம்பி நான் ஐஸிலை வரமாட்டன். நடுவிலை நிண்டா என்ன செய்யிறது?" என்றாள் அனோஜா. கார்ட்டியர்வில்லில் எங்கள் பக்கத்து வீட்டுச் சிவம் வேறு, "பனி வழிக்கிறது காணாதெண்டு இப்ப அதிலை ஓடவும் வெளிக்கிட்டியளோ, அண்ணை?" என்றான். அவன் கண்ணிலும் இது எங்களைப் போன்றவர்களுக்கு உரியதல்ல.

பெல்ட் விடயத்தில் கடைக்காரர் சரி. அதற்காக அவர் முதலில் கேட்டது சரியாகிவிடாது.

செவ்வாய்க்கிழமை வண்டியின் பதிவுப் பத்திரத்தை, என் பெயர் அவர் பக்கம் இருக்கும்படி கவுன்டரில் விரித்து வைத்தேன். நம்பரைத் தட்டி, சரியான பெல்ட்டைக் கொண்டுவந்து தந்தார். பெயரில் அவர் கண் படவேயில்லை. மன்னிப்பும் இல்லை. முகத்தை முழுதாக மூடும் தலைக்கவசங்களையும் அங்கேயே தெரிந்தெடுத்தேன். மகளுக்கு ஆறு தலைக்கவசங்களைப் போட்டுப் பார்த்தோம். அவர் காத்திருக்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை பெல்ட் இழுத்தது. மகள் பின்னால் ஏறினாள். வரிசையில் நாங்கள் கடைசி. எதிரே வருபவர்களுக்குக் கடைசி வண்டிக்காரர் மடக்கிய கைமுஷ்டியை உயர்த்திக் காட்டவேண்டும்: எனக்குப் பின்னால் ஒருவருமில்லை. காட்டினேன். முன்பின் தெரியாதவர்கள் பதிலுக்குக் கை உயர்த்திப் போனார்கள். வண்டி யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. முகம் தெரிந்தால்தானே கேட்பார்கள்.

மறுகரைக் கோப்பிக் கடை வாசலில் எல்லோரும் தலைக்கவசத்தைக் கழற்றினார்கள். அனோஜா பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தபடி அவர்களோடு போய்ச் சேர்ந்தாள். பிறகு திரும்பிப் பார்த்து, "அப்பா, கழட்டிப்போட்டு வாங்கோவன்," என்றாள். தாடைப் பட்டியை அவிழ்த்தேன். இரண்டு கைகளாலும் தலைக்கவசத்தைப் பிடித்தபடி, இன்னும் சற்றுநேரம் அதற்குள்ளேயே நின்றேன்.