கண்ணாடிக்குள் வந்த ஆனை

போன கிழமை ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் வார்ட்டுக்குள், பட்டப்பகலில் ஆனை வந்தது. முதலில் கண்டது ஒரே ஒரு ஆள். அந்த ஆள் என் மனுசன்!

சிரிக்காதீர்கள். நானும் அன்றைக்குச் சிரிக்கவில்லை... கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தேன்.

இந்தப் பத்தியை வழமையாக வாசிக்கிறவர்களுக்கு எங்கட ஆளைத் தெரியும். தன்னுடைய சாரன் எந்த அலுமாரியில் இருக்கிறது என்று முப்பத்தொரு வருசமாக என்னிடம் கேட்கிறவர். வீடு கல்முனையில், கடற்கரையோரம். மனம் இறக்காமத்தில், மூன்று ஏக்கர் வயலில். நெஞ்சை இறுக்குகிறது என்று டொக்டரிடம் போனோம். அஞ்சியோகிராம் செய்யவேணும் என்றார். மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, இதயத்துக்கு இரத்தம் போகிற பாதையில் எங்கே அடைப்பு என்று பார்க்கிற வேலை.

இரண்டு தரம் நாள் தந்தார்கள். இரண்டு தரமும் ஆள் தப்பிவிட்டார். முதல் தரம் விதைப்பு. அடுத்த தரம் வெள்ளாமை வெட்டு. காவலுக்குப் போய் ஆனையையே துரத்துகிற மனுசன்... ஊசியைக் கண்டால் மட்டும் வயல் ஞாபகம் வந்துவிடும்!

மூன்றாம் தரம் டொக்டர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "இனித் தள்ளிப் போடாதீங்க" என்றார். அந்த மூன்று சொல்லையும் நான் வீட்டுக்குக் கொண்டுவந்து, சோறு ஆக்கும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

எப்படியோ ஆளைக் கொண்டுபோய்க் கட்டிலில் ஏற்றியாயிற்று. விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். நாடித் துடிப்பு நூற்றுப் பதினெட்டு! பிறசரும் அதற்குத் தோதாக ஏறி நின்றது.

"இது இறங்காட்டி இண்டைக்குச் செய்ய மாட்டாங்க அன்ரி" என்றாள் நர்ஸ் பிள்ளை. கரையோர விநாயகபுரத்துப் பிள்ளை, சிரித்த முகம்.

எங்கட ஆளின் முகத்தில் பெருநாள் பிறை கண்ட சந்தோசம். "அப்ப வீட்ட போவமா?"

இன்றைக்குத் திரும்பினால் இவர் இனி இந்தப் பக்கமே வரமாட்டார். அது எனக்கு நல்லாத் தெரியும்.

அப்போதுதான் அந்தப் பிள்ளை ஒரு பெட்டியைத் திறந்தாள். வி.ஆர் கண்ணாடியாம். சாப்பாட்டுப் பெட்டியை முகத்தில் வைத்துக் கட்டினமாதிரி ஒரு சாமான். போட்டால் நாம் வேறு எங்கேயோ நிற்பதுபோலத் தெரியுமாம், பயம் இறங்குமாம்.

"அங்கிள், கடல் போடவா?"

"கடலா? வேணாம் மிஸி."

எங்கள் கரை ஆட்களுக்கு அலையைக் காட்டியா மனதை ஆற்றுவது? சுனாமியைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்தப் பிள்ளைக்கும் சொல்லத் தேவைப்படவில்லை. உடனே காட்டைப் போட்டாள்.

ஐந்து நிமிசம் நல்லாத்தான் போனது. "குருவி கத்துது கா... ஒரு ஓடை போகுது..." என்று என்னிடம் சொன்னார். நூற்றிப் பத்து, நூற்றியெட்டு என்று இறங்கியது. நானும் மூச்சு விட்டேன்.

மறுகா திடீரென்று ஆள் கட்டிலில் எழும்பி நின்றார்!

"ஆனை! ஆனைகா! வெடி எங்க? வெடியக் கொண்டா!"

இரண்டு கையையும் தட்டிப் போட்டார் ஒரு கூப்பாடு. பக்கத்துக் கட்டில்காரர் பாய்ந்து இறங்கிச் செருப்பைத் தேடினார். ஓடி வந்த பிள்ளை கண்ணாடியைக் கழற்றினால்... நூற்று நாற்பது!

அந்தப் படத்தை எடுத்தவர் எந்த நாட்டுக்காரரோ? ஆனை தண்ணி குடிக்கிறதைப் பார்த்தால் மனசு குளிரும் என்று நினைத்திருக்கிறார். போன போகம் அவருடைய வயலிலா ஆனை இறங்கியது?

"வேற என்ன இரிக்கி புள்ள? வயல் இரிக்கா?" என்று கேட்டேன்.

வயல் இல்லையாம். பனிமலை இருக்கிறதாம்.

பனிமலையை வைத்து இறக்காமத்து ஆளுக்கு என்ன செய்ய? நானே கதிரையை இழுத்துப் போட்டுக் கிட்ட இருந்தேன். "கண்ண மூடுங்க" என்றேன். "இப்ப வயல் காவல் வாடியால இறங்குறீங்க. வலப்பக்கம் மருத மரம்..."

"இடப்பக்கம்."

"சரி, இடப்பக்கம். வாய்க்கால் தண்ணி குளத்தப் பாத்துப் போகுது..."

கண் பாதி திறந்தது. "குளத்தப் பாத்தா? குளத்தால வாற தண்ணி கா அது!"

"ஓம் ஓம். சம்பா நல்லா விளைஞ்சு நிக்கிது."

"சம்பாவாம்! இந்தப் போகம் சிவப்பு நெல்லு. முப்பத்தொரு வருசம் என்னோட இருந்து நீ என்னத்தக் கண்ட?"

நர்ஸ் பிள்ளை என் தோளைத் தொட்டாள். திரையைக் காட்டினாள். தொண்ணூற்றியாறு.

பிறகு விடுவேனா? மேட்டைப் பள்ளம் என்றேன், மதகைப் பாலம் என்றேன். ஒவ்வொன்றுக்கும் ஆள் திருத்தம் சொல்லச் சொல்ல, நாடி படியிறங்கிக் கொண்டே வந்தது. எண்பத்திநாலில் வந்து நின்றது! பெண்சாதியின் பிழையைத் திருத்துவதைப்போல ஆம்பிளைக்கு ஆறுதல் தருகிற மருந்து இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். திருத்திக்கொண்டே உள்ளே போனார்.

கதவு மூடியது. நான் நடையில் கிடந்த கதிரையில் குந்தி, அல்லாஹ்விடம் துஆக் கேட்கத் தொடங்கினேன்.

"அன்ரி, கையத் தாங்க." அந்தப் பிள்ளை கிளிப்பை என் விரலில் மாட்டினாள். நூற்று இருபத்தாறு. கண்ணாடியை எடுத்து எனக்குக் கட்டிவிட்டாள்.

அதே காடு. அதே ஓடை. அந்த ஆனையும் வந்தது. ஆறுதலாக வந்து, தண்ணியில் தும்பிக்கையை வைத்து, என்னைப் பார்த்தது. துஆக் கேட்டுக் கேட்டு வறண்டுபோயிருந்த வாய்... என்ன கதைக்கிறோம் என்று தெரியாமல் கதைத்துப்போட்டேன்.

"வேணுமெண்டா மூணு ஏக்கரையும் திண்டுட்டுப் போ வாப்பா. அந்த மனுசன மட்டும் எனக்கு விட்டுட்டுப் போ."

மனதுக்குள் சொன்னதாகத்தான் நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றினால், நடையில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பொம்பிளை முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

ஒரு இடத்தில்தான் அடைப்பு. அதற்கு அங்கேயே ஸ்டென்ட் வைத்துவிட்டார்கள். ஆள் வெளியே வந்தார். நான் வாய் திறக்க முதலே அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் அவருக்குச் சொல்லிவிட்டாள்.

அவர் கட்டுப்போட்ட கையை அசைக்காமல், மற்றக் கையால் என் கையைப் பிடித்தார்.

"மூணு ஏக்கரையும் குடுத்துட்டியாமே... வாடிக்குக் கிட்ட இரிக்கிற வரம்பையாவது மிச்சம் வெச்சிரிக்கலாமே கா?"

பிழை பிடிக்கத் தொடங்கிவிட்டார். அல்ஹம்துலில்லாஹ்... ஆள் சுகம்!