நிக்கானோருக்கு ஊற்றி வைத்த கோப்பை

எங்கள் தெருவில் கல்லறைத் திருநாள் முடிந்ததும் எல்லோரும் படையல் மேசையை எடுத்துவிடுவார்கள். செத்தவர்கள் வந்து, தின்று, குடித்து, திரும்பிப் போய்விட வேண்டும். அந்த வருஷம் எதிர்வீட்டு ஒதிலியா மட்டும் எடுக்கவில்லை. சந்தையில் சோள ரொட்டி விற்பவள், கெட்டிக்காரி, இந்த ஒரு விஷயத்தில் மட்டும் பைத்தியம். மாமியார் படத்துக்கு முன்னால் மாதக்கணக்காக மெழுகுவத்தி எரிந்தது. பக்கத்தில் ஒரு கோப்பை மெஸ்கால் சாராயம்.

அது மாமியாருக்கில்லை. தன் அம்மா செத்ததிலிருந்து ஒதிலியாவின் புருஷன் நிக்கானோர் இருட்டறையில் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான். எழுந்தால் குடிக்கத்தான் எழுவான். கடைக்குப் போனால் ஓடைப் பள்ளத்தில் விழுந்து செத்துவிடுவான் என்று ஒதிலியாவுக்குப் பயம். படையலில் வைத்தால் வீட்டோடு கிடப்பான். அவன் வேலை பார்த்த செங்கல் சூளை முதலாளியிடம் அவனுக்குக் காய்ச்சல் என்பாள். சொல்லும்போது அவளுக்கே காய்ச்சல் வந்ததுபோல் உடம்பு கொதிக்கும்.

"எடுத்துத் தொலைடி. இல்லேன்னா செத்தவங்க வீட்ட விட்டுக் கெளம்ப மாட்டாங்க" என்றேன்.

"அவங்க இருந்தா இருக்கட்டும். இவனும் கெளம்ப மாட்டானே" என்று சிரித்தாள்.

மழைக்காலத்தில் நிக்கானோரின் தங்கை வந்து அவனைப் புவெப்லா நகரத்தில் குடியை மறக்கவைக்கும் ஓர் இல்லத்துக்குக் கூட்டிப்போனாள். ஒதிலியா அன்று சாயங்காலமும் கோப்பையை நிரப்பினாள். காலையில் அது காலி.

"யாருடி குடிச்சது?"

"எப்பவும் குடிக்கிறவன்தான்."

கிட்டே போய் அவள் வாயை முகர்ந்து பார்த்தேன். வாடையே இல்லை.

அடுத்த கல்லறைத் திருநாளன்று நிக்கானோர் திரும்பி வந்தான். முகம் தெளிந்திருந்தது, கை நடுங்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒதிலியா அப்போதுதான் செத்தவர்களுக்கு வழி தெரிய, வாசலிலிருந்து மேசைவரை துலுக்கச் சாமந்தி இதழ்களைத் தூவி முடித்திருந்தாள். மேசையில் மாமியார் படத்தின் பக்கத்தில் அவன் படம்.

"வந்துட்டியா? உக்காரு, ஊத்தி வச்சிருக்கேன்."

அவன் வாசலிலேயே நின்றான். "நான் குடிக்கிறத விட்டுட்டேன், ஒதிலியா."

அவள் காதில் விழாததுபோல் கோப்பையை நகர்த்தி வைத்தாள்.

அவன் தன் படத்தையும், காலடியில் கிடந்த இதழ்களையும் பார்த்தான். "உயிரோட இருக்கிறவன் எந்தப் பக்கமா உள்ள வர்றது?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் இதழ்களைப் பெருக்கித் தள்ளத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"தொடாத!" என்று ஒதிலியா அலறினாள். "குடிக்கிறவன் வர்ற நேரம்!"