அமோனியா கசிந்த மத்தியானம்

ஏழெட்டு வருடங்களுக்கு முன்பு, திருகோணமலைத் துறைமுகப் பக்கத்தில் மீனை உறையவைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். மீனைப் பெட்டியில் அடுக்கும் எங்கள் பகுதியில் எல்லோரும் பெண்கள். நான் பாலையூற்றிலிருந்து போவேன். பக்கத்து மேசையில் நின்றவள் தோப்பூரிலிருந்து வரும் என் தோழி, எப்போதும் முக்காடு போட்டிருக்கும் முஸ்லிம் பெண். கை விறைத்துப்போகும் வேலைதான், ஆனால் அவள் வாயைத் திறந்தால் குளிர் தெரியாது. மத்தியானம் அவள் கொண்டுவரும் சம்பலுக்கு நாங்கள் அடிபடாத குறை. அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

உறையவைக்கும் இயந்திரங்களில் அமோனியா வாயு ஓடும். அது கசிந்தால் தப்பி ஓடுவதற்கென்று ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சின்னப் பை கட்டியிருப்போம். உள்ளே, தலையை முழுதாக மூடும் கண்ணாடி போன்ற முகமூடி. மூச்சு ஒரு வடிகட்டி வழியாக வரும். கழுத்தில் இறுக்கமான ரப்பர் பட்டி. வெளியே போய்ச் சேரும் வரைக்கும் அது தாங்கும்.

அதைப் போட்டுப் பழகும் பயிற்சி முற்றத்தில் நடந்தது. ஐஸ் பகுதி ஆண்கள் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களில் ஒரு வாயாடி, "என்னக்கா, சந்திரனுக்கோ பயணம்?" என்று கிண்டலடித்துக்கொண்டே இருந்தான். பட்டிக்குள் துணி சிக்கினால் வாயு உள்ளே புகுந்துவிடும், முக்காட்டைக் கழற்றிவிட்டுத்தான் போட வேண்டும் என்றார் பயிற்சியாளர். என் தோழி அசையவில்லை. தலைமுடி கலையும் என்று மற்றவர்களும் சும்மா நின்றோம்.

பிறகு அவளே எங்கள் மேற்பார்வையாளரிடம் போனாள். "மிஸ், பொம்புளையளுக்கு மட்டும் தனியாப் பழக்கித் தாங்க. கதவச் சாத்திப்போட்டுப் பழகுறம்."

மிஸ் சம்மதித்தார். உடை மாற்றும் அறைக்குள் ஒரே சிரிப்பு. முகமூடி போட்டால் பொலித்தீன் பையில் கட்டிய தோடம்பழம் மாதிரி இருந்தோம். தோழி தனக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டாள். முக்காட்டைக் கழற்றி இடுப்பில் செருகுவாள், முகமூடியைப் போடுவாள், வாசலைத் தாண்டியதும் அதற்கு மேலாலேயே முக்காட்டைப் போர்த்துக்கொள்வாள். கை தானாகச் செய்யும் வரைக்கும் பழகினாள்.

சில கிழமைகள் போயிருக்கும். நல்ல மழை பெய்த ஒரு மத்தியானம், குழாய்ப் பக்கம் சீறும் சத்தம் கேட்டது. கண்ணும் மூக்கும் எரிந்தன. பழகியபடியே முகமூடியைப் போட்டுக்கொண்டு எல்லோரும் ஓடினார்கள். கடைசியாக வந்த நானும் தோழியும், பெட்டி ஏற்றும் இடத்தில் லொறிச் சாரதி ஒருவர் சுவரோடு குந்தியிருந்து இருமுவதைக் கண்டோம். மழைக்கு ஒதுங்கி உள்ளே வந்தவர். வெளியாள் என்பதால் அவரிடம் பை இல்லை. கையைப் பிடித்து இழுத்தேன், அவருக்கு எழும்ப ஏலவில்லை. மனுசன் என் கண் முன்னாலேயே செத்துப்போகப் போகிறார் என்று பயந்துபோனேன்.

தோழி இடுப்பிலிருந்த முக்காட்டை உருவினாள். மீன் கழுவும் தொட்டியில் முக்கி, அவர் மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டினாள். ஈரத்துணி அமோனியாவைக் கொஞ்சமாவது தடுக்கும் என்று மிஸ் சொல்லித் தந்திருந்தார். ஆளுக்கொரு பக்கம் தாங்கி, அவரை முற்றத்துக்கு இழுத்து வந்தோம்.

அவரை அப்படியே வாகனத்தில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். முக்காடும் அவர் முகத்தோடு போய்விட்டது. முற்றம் நிறைய ஆண்கள். தோழி என் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கிக் குனிந்து நின்றாள். முகமூடியைக் கழற்றவே இல்லை. அந்த மறைப்பாவது இருக்கட்டும் என்று நினைத்தாளாக்கும்.

"கழட்டு, இஞ்ச காத்து நல்லா இருக்கு" என்றேன்.

"ஏலா புள்ள" என்றாள். மூச்சு இழுக்க அவள் படும் பாடு எனக்குத் தெரிந்தது. என்னிடம் போர்த்திவிட ஒரு துணியும் இல்லை. அழுகை வந்துவிட்டது.

அப்போது அந்த வாயாடி கத்தினான். "டேய், எல்லாரும் கடலப் பாத்துத் திரும்புங்கோடா! ஒருத்தனும் இஞ்சால பாக்கப்படாது!"

யாரோ அதைச் சிங்களத்திலும் சொன்னார்கள். அத்தனை ஆண்களும் திரும்பினார்கள். அவன் தன் மழைக்கோட்டைக் கழற்றி, எங்களைப் பார்க்காமலே பின்பக்கமாக நீட்டினான். அதை வாங்கி அவள் தலையோடு போர்த்திவிட்டேன். உள்ளுக்குள்ளே முகமூடியைக் கழற்றிவிட்டு அவள் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. "சரி" என்று நான் சொல்லும் வரைக்கும் ஒருவரும் திரும்பவில்லை.

சாரதி பிழைத்துக்கொண்டார். தோழி இப்போது கட்டாரில் பிள்ளைகளோடு இருக்கிறாள். நானும் அந்த வேலையை விட்டுவிட்டேன். தொலைபேசியில் பேசினால் சம்பலையும் தோடம்பழத்தையும் சொல்லிச் சிரிப்போம். மரியாதை என்று யாராவது பேசினால் எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் வருவது, மழையில் நனைந்தபடி கடலைப் பார்த்து நின்ற அந்த முதுகுகள்தான்.