கிழங்கைக் காணாத மத்தியானம்

திண்டுக்கல்லுக்கு வந்த முதல் ஐப்பசியில் என்னைக் குழப்பியது ஒரு கீரைக்காரி. நாகல் நகரில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் பின்வேலியை ஒட்டி ஒற்றையடிப் பாதை ஒன்று போகிறது. "அரைக்கீரை, சிறுகீரை" என்று தெருவே அதிரக் கூவிக்கொண்டு வருகிறவள் எங்கள் வேலி வந்ததும் வாயை மூடுவாள். முந்தானையை இழுத்துக் கண்ணை மறைத்துக்கொண்டு, தலைக்கூடை ஆடாமல், நண்டு மாதிரிப் பக்கவாட்டில் பத்தெட்டு வைத்துக் கடப்பாள். வேலி முடிந்ததும் கீரைக்கு மறுபடி உயிர் வரும். காரணம் என் லோன்ஜிதான் என்று நினைத்தேன். பர்மாவில் ஆண்பிள்ளைகள் இடுப்பில் முடிச்சுப் போட்டுக் கட்டும் கட்டம்போட்ட கைலி அது. நான் கொண்டுவந்த சொத்துகளில் முக்கியமானது. மறுநாள் வேட்டி கட்டி நின்றேன், முந்தானை ஏறியது. அடுத்த நாள் சட்டையும் போட்டேன். மூன்றாம் நாள் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு நின்றபோது அவள் இன்னும் வேகமாக ஓடினாள். பிறகுதான் என் சந்தேகம் உடையிலிருந்து முகத்துக்கு ஏறியது. எனக்கும் அவளுக்கும் நடுவே வேலி நெடுகப் பூத்திருந்த பூவை மட்டும் நான் சந்தேகிக்கவே இல்லை.

நான் பிறந்தது ரங்கூன். அப்பா சித்தையன்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர். நாற்பத்தைந்து வயதுவரை அங்கே நான் இந்தியாக்காரன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நான்கில் 'உன் ஊருக்குப் போ' என்று கப்பலேற்றினார்கள். இங்கே இறங்கிய நாளிலிருந்து பர்மாக்காரன். நடுக்கடலில் எந்த இடத்தில் மாறினேன் என்று கவனித்திருக்கலாம். அப்போது வாந்தி எடுத்துக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் சரக்கு மேற்பார்த்தவன் இங்கே சுருட்டுக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிறேன். அங்கே மழை நின்றால் அதிசயம், இங்கே பெய்தால். இதெல்லாம் பழகிவிட்டது. என்னைப் போலவே அங்கிருந்து வந்து வேறு வேறு ஊர்களில் முளைவிட்டுக்கொண்டு, இதைப் படிக்கும் உங்களுக்கும் பழகியிருக்கும். எனக்குப் பழகாதது என் மனைவி தெய்வானையின் மௌனம்தான்.

எங்கள் ஒரே மகள் வள்ளி பர்மியப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டாள். கப்பல் நகரும்போது துறையில் நின்று கையாட்டினாள். தெய்வானை பதிலுக்குக் கையைத் தூக்கினாள். அந்தக் கை இறங்கியபோது அவளுடைய பேச்சும் இறங்கிவிட்டது. "சோறு வெச்சாச்சு", "தண்ணி தீந்துருச்சு" என்ற அளவில்தான் குடும்பம் நடந்தது. போதாததற்கு, நான் வேறு ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். "வெளியில பர்மா பாஷை பேசாத தெய்வான, ஒரு மாதிரியாப் பாக்குறாங்க" என்று சொல்லிவைத்தேன். அவள் பிறந்ததிலிருந்து பக்கத்து வீட்டுப் பெண்களோடு வாயாடிய பாஷை அது.

ஆவணியில் இரண்டு மழை பெய்தது. பின்வேலி கிளுவை மரத்தடியில் தரையைக் கீறிக்கொண்டு பச்சையாக ஒரு முளை நீண்டது. கொடியா செடியா என்று தெரியாத உயிர். ஒவ்வொரு இலையின் நுனியும் சுண்டுவிரல் போலச் சுருண்டு அகப்பட்டதைப் பற்றிக்கொண்டது. அரிசி கழுவிய தண்ணீர் ஊற்ற வந்த தெய்வானை அதைப் பார்த்தாள். குடத்தைப் போட்டுவிட்டு, "ஸீமீதவ்!" என்று கத்தினாள். விளக்குச்சுடர் என்று அர்த்தம். ரங்கூன் வீட்டில் மாடிப்படி ஓரம் வள்ளி வளர்த்த பூ. கடல் கடந்த பிறகு அவள் சத்தம்போட்டுச் சொன்ன முதல் சொல் அதுதான். எனக்கு அது போதும். மூங்கில் குச்சிகள் நட்டேன், ஆட்டுப்புழுக்கை பொடித்துப் போட்டேன், குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்த தண்ணீரில் அதற்கும் ஒரு செம்பு ஒதுக்கினேன். ஐப்பசியில் பூத்தது. இதழ்கள் மேல்நோக்கி நெளிந்து, முதலில் மஞ்சளாகி, நாளாக ஆக அடிவரை சிவந்து, வேலியே விளக்கேற்றி வைத்த மாதிரி இருந்தது.

அந்த நாட்களில்தான் குரல் கேட்க ஆரம்பித்தது. விடுமுறை நாள் மத்தியானங்களில் நான் படுத்திருப்பேன். கொல்லையில் யாரோ யாரிடமோ மெதுவாகப் பேசுவார்கள். சொற்கள் பிடிபடாது. ஏறி இறங்கும் ராகம் மட்டும் ரங்கூனில் எங்கள் கீழ்வீட்டில் கேட்பது போலவே இருக்கும். நாம் விட்டுவந்த வீடு பின்னாலேயே வந்துவிட்டதோ என்று உடம்பெல்லாம் மயிர்க்கூச்செடுத்தது. நான் தைரியசாலி, எழுந்து பார்க்கவில்லை. நான்காவது வாரம் தலையணையை மார்பில் கேடயம்போல் அணைத்துக்கொண்டு போய் எட்டிப் பார்த்தேன். தெய்வானை கொடியின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "நே கௌன் லா?" என்று கேட்டாள். சுகமா என்று. பதிலுக்குக் காத்திருக்கிறவள் போலத் தலையைச் சாய்த்தாள். நான் சத்தமில்லாமல் திரும்பி வந்து படுத்தேன். அது பேயாகவே இருந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

மார்கழியில் கொடி காய்ந்து சருகானது. கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். பங்குனியில் பெருச்சாளி வேலியடியைப் பறிக்க ஆரம்பித்ததும் எனக்குப் பயம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடப்பாரையோடு போய்த் தோண்டினேன். இரண்டு கிழங்குகள். ஒன்று சின்னது. மற்றது கலப்பை மாதிரிக் கவைத்து, இரண்டு கைகளும் ஒரு சாண் நீளம். பெரியதைக் கழுவி அடுப்படி முறத்தில் காயவைத்தேன். பக்கத்தில் சேப்பங்கிழங்கு கிடந்தது. மத்தியானம் சேப்பங்கிழங்குப் புளிக்குழம்பு. இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டேன். தெய்வானை சாப்பிடாமல், "செத்த நேரத்துல வாரேன்" என்று வெளியே போனாள். நான் கொல்லையில் உட்கார்ந்து சின்னக் கிழங்கின் மண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுச் சவரியம்மா உறைமோர் கேட்டு வந்தாள்.

"அண்ணே, மதினி இருக்கா?" என்றவள் என் கையைப் பார்த்துவிட்டு நின்றாள். "இது யாருக்குண்ணே?"

"தெய்வானைக்குத்தான் தங்கச்சி. அவளுக்கு இதுமேல அம்புட்டு ஆசை."

"மதினிக்குத் தெரியுமா?"

"தெரியாது. இப்பச் சொல்லவேணாம். ஆவணியில பாத்து அசந்துபோகட்டும். பெரிசு ஒண்ணு அடுப்படியில இருக்கு, பாக்குறியா?"

சவரியம்மா மோர்க்கிண்ணத்தை அப்படியே கீழே வைத்தாள். "அடப்பாவி மனுசா! இம்புட்டு நாளா வாயில வெரல வெச்சாக் கடிக்கத் தெரியாதவர்னுல்ல நெனச்சேன்! கட்டுன பொண்டாட்டிக்கு யாராச்சும் இதக் குடுப்பாங்களா?"

"ஏன், பூச்செடிதான?"

"பூச்செடியா? கண்வலிக்கிழங்குண்ணே! பூவப் பாத்தாலே கண்ணு நோகும்னு அந்தக் கீரைக்காரி மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போறது தெரியலையா? கிழங்கு வெசம்ணே, வெசம்."

பிறகு குரலைத் தாழ்த்தி மீதியைச் சொன்னாள். எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர்களின் மருமகள் செல்லத்தாய். நத்தத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். "ஒரு வருசம் வாயே தொறக்கல அந்தப் புள்ள. ஒரு நா இதத் தின்னு போய்ச் சேந்துட்டா. நாங்களும் வெட்டி வெட்டிப் போடுறோம், வருசா வருசம் அதே எடத்துல மொளைக்குது. நீங்க என்னடான்னா குச்சி நட்டு வளக்குறீங்க." வீட்டுக்காரர் சாவியை என் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்த வேகம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அடுப்படிக்கு ஓடினேன். முறத்தில் பெரிய கிழங்கு இல்லை.

இனி நடந்ததை எழுத வெட்கமாக இருக்கிறது. எழுதாவிட்டால் இந்தக் கட்டுரைக்கே அர்த்தமில்லை. முதலில் என் நாக்கு மரத்தது. நிஜமாகவே மரத்தது. குழம்புச் சட்டியைக் கவிழ்த்துத் துண்டு துண்டாகக் கிளறினேன். தோல் எது, கிழங்கு எது, விஷம் எது என்று முகர்ந்து பார்த்தேன். உப்பைக் கரைத்துக் குடித்தேன். கண்ணாடியில் நாக்கை நீட்டி நிறம் பார்த்தேன். 'ஐயோ, நான் சாப்பிட்டுவிட்டேனே' என்று அழுகை வந்தது. இவ்வளவும் முடிந்த பிறகுதான், சாப்பிடாமல் வெளியே போனவள் நினைவுக்கு வந்தாள். ஒரு வருஷமாக வாய் திறக்காதவள். நான் வாயைக் கட்டிப்போட்டவள். நாக்கு உடனே சரியாகிவிட்டது, கால்தான் மரத்தது.

லோன்ஜியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். குழாயடியில் இல்லை. தெருக்கோடிக் கிணற்றுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். வெளிறிப்போன ஒரு முகம் கீழேயிருந்து என்னைப் பார்த்தது. அலறிக்கொண்டு பின்னால் விழுந்தேன். அது என் முகம்தான் என்று விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. குடத்தோடு நின்ற ஒரு பெண், "யாரத் தேடுறீக? பர்மாக்காரம்மா தபாலாபீஸ் பக்கமாப் போனாக" என்றாள். ஞாயிற்றுக்கிழமை எந்தத் தபாலாபீஸ் திறந்திருக்கும்? அந்த வழியில்தான் ரயில் தண்டவாளம் இருக்கிறது. மிச்சத் தூரத்தை எப்படிக் கடந்தேன் என்று தெரியாது.

பூட்டிய தபாலாபீஸ் படியில் தெய்வானை உட்கார்ந்திருந்தாள். மடியில் பழைய துணியில் கட்டிய சின்னப் பொட்டலம். மேலே நான் எழுதிக் கொடுத்த வள்ளியின் விலாசச் சீட்டு. மூச்சு வாங்கியபடி நான் முதலில் கேட்டது, "தின்னியா?" என்றுதான்.

"குழம்பு வெச்சது நான்தான. வந்து திங்கிறேன்" என்றாள். பிறகு என் இடுப்பைப் பார்த்து, "ஏங்க, முடிச்ச ஒழுங்காப் போடுங்க. ஊரே பாக்குது."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். கிழங்கின் ஒரு கைதான் இருந்தது. கவையில் முறித்திருக்கிறாள். மாடிப்படிச் செடியைப் புதிதாகக் குடிவந்தவர்கள் பிடுங்கி எறிந்துவிட்டதாக வள்ளி போன கடிதத்தில் எழுதியிருந்தாளாம். அதனால் இங்கிருந்து அனுப்புகிறாளாம். கடல் தாண்டி, சர்க்கார் முத்திரை போட்டு, ஒரு விஷக்கிழங்கை. "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னு மறந்துட்டேன்" என்றாள்.

"தெய்வான, அந்த வீட்ல ஒரு பொண்ணு..."

"செல்லத்தாய். வந்த மாசமே சவரியம்மா சொல்லிருச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா மறுநாளே கட்டிலத் தூக்கிக்கிட்டு ஓடியிருப்பீங்க. இன்னொரு வீடு மாற எனக்குத் தெம்பில்ல." பொட்டலத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "அந்தப் புள்ளகிட்ட ஒருத்தரும் பேசலையாம். நான் பேசுறேன். அதுக்குப் பர்மா பாஷை புரியாது. எனக்கும் இந்த ஊரு புரியல. சரியாப் போச்சு."

நான் கேட்க வேண்டியது இன்னொன்று இருந்தது. கேட்காததற்கு அவளே பதில் சொன்னாள்.

"வள்ளி கடுதாசி போடுவாள்ல. நான் இல்லாட்டி யாரு வாங்குறது? நீங்க பிரிக்கிறதுக்குள்ள கிழிச்சிருவீங்க."

மறுநாள் தபாலாபீஸில், செடிகொடியெல்லாம் வெளிதேசத்துக்கு எடுக்கமாட்டோம் என்று திருப்பிவிட்டார்கள். நல்லவேளை, என்ன செடி என்று கேட்கவில்லை. ரங்கூனுக்குப் போகாத கையைத் தெய்வானை கிளுவையின் கிழக்கில் நட்டாள். முறித்து வீட்டில் எடுத்துவைத்திருந்த மற்றக் கையை மேற்கில். சின்னக் கிழங்கை நடுவில் நட்டவன் நான். சவரியம்மா சிலுவை போட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை வேலிக்கு அந்தப் பக்கமிருந்தே, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊற்றினாள்.

இது நடந்து மூன்று மழைக்காலம் ஆகிறது. அரளியும் விஷம்தானே, அதைக் கோவிலில் வளர்க்கிறார்களே என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் சேப்பங்கிழங்குக் குழம்பு வைத்தால் அவள் முதல் வாய் சாப்பிடும்வரை காத்திருக்கிறேன். என் உயிருக்குப் பயந்து என்று அவள் கேலி செய்கிறாள். அப்படியே நினைத்துக்கொள்ளட்டும். பர்மா பாஷை பேசாதே என்று இப்போது நான் சொல்வதில்லை. மத்தியானங்களில் கொல்லையிலிருந்து அந்தக் குரல் வரும்போது, அவள் பேசுவது வள்ளியிடமா, செல்லத்தாயிடமா என்று படுத்தபடியே யோசிப்பேன். சில நாள் அவள் கேள்விக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே இடைவெளி நீண்டுபோகும். யாரோ பதில் சொல்லி முடிப்பதற்கு வேண்டிய அளவு இருக்கும் அந்த இடைவெளி. அப்போது நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வேன், நல்ல வெயிலில்.

போன வாரம் துவைத்த லோன்ஜியை அந்த வேலியில் காயப்போட்டு, இரண்டு நாள் மழையில் மறந்துவிட்டேன். எடுக்கப் போனபோது வரவில்லை. இலைநுனிகள் அதன் ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் பிடித்திருந்தன. கிழக்குக் கொடி ஒரு முனையை, மேற்குக் கொடி ஒரு முனையை. இழுத்தால் துணி கிழியும் அல்லது கொடி அறும். பாதையில் கீரைக்காரி முந்தானைக்குள்ளிருந்து, "என்ன சாமி, வேலிக்குச் சேலையா கட்டுறீக?" என்று கேட்டுக்கொண்டே ஓடினாள். நான் துணியை விட்டுவிட்டேன். இப்போது வேட்டியில்தான் இருக்கிறேன். லோன்ஜி அங்கேயே, காற்று வரும்போதெல்லாம் உள்ளே ஆள் இருப்பது போல உப்பிக்கொண்டு தொங்குகிறது.