ஏழரை மணி அறிவிப்பு

எங்கள் சமுதாய வானொலி உரக்கடை மாடியில் இரண்டு அறைகள். திருவாரூர் சாலையில், வயல்களுக்கு நடுவே எங்கள் ஒலிபரப்புக் கோபுரம் மட்டும் தனியாக நிற்கும். பத்தாவது வரை படித்த எனக்கு அங்கே வேலை கிடைத்தது, வேறு யாரும் வர மாட்டேன் என்றதால்தான். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் நான். கண்ணாடி அறைக்குள் ஆள் இல்லாததால் பேச வந்தது.

சில மாதங்களிலேயே கரண்ட் பில் கட்ட முடியவில்லை. விதைநெல் விளம்பரமும் நகைக்கடை விளம்பரமும் போதவில்லை. அப்போதுதான் சாவு அறிவிப்பு வாங்க ஆரம்பித்தோம். ஊர் ஊராக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்வதைவிட இது மலிவு. இறந்தவர் யாருக்குத் தாயார், யாருக்கு மாமியார், எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று காலை ஏழரைக்கு வாசிப்பேன். நிலையம் அதில்தான் ஓடியது.

ஒரு நாள் காய்கறிக் கடையில், "அரைக் கிலோ கத்திரிக்காய்" என்றேன். கடைக்காரர் கை தராசில் அப்படியே நின்றது.

"யக்கா, நீங்க பேசாதீங்க, கையால காட்டுங்க போதும். எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடக்காரு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் சில்லறையை என் கையில் தராமல் பலகையில் வைத்தார்.

டாக்டர் கைவிட்டதுமே வீட்டார் வந்து எழுதிக் கொடுப்பதும், நான் அதை முன்கூட்டியே வாசித்து ஒலிப்பதிவு செய்து வைப்பதும் வழக்கமாயிற்று. எடுக்கும் நேரத்தை மட்டும் பிறகு சேர்ப்பேன். அப்படி ஒரு மூதாட்டிக்கு அவருடைய இரண்டு மகன்கள் எழுதிக் கொடுத்தார்கள். மறுநாள் காலை, வேறொன்றுக்குப் பதிலாக அதை ஒலிபரப்பிவிட்டேன். நேரம் சொல்லாததால் ஜனங்கள் உடனே கிளம்பிவிட்டார்கள்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். வேலி நெடுக ரோஜா மாலைகள் தொங்கின. பிணத்துக்கென்று வாங்கிய மாலையைத் திரும்ப எடுத்துப் போக முடியாது. உயிரோடு இருப்பவர் வீட்டுக்குள்ளும் கொண்டுபோக முடியாது. உள்ளே அந்த அம்மாள் கண் விழித்துப் படுத்திருந்தார். தலைமாட்டில் செல்போனில் எங்கள் நிலையம்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா" என்றேன்.

குரலைக் கேட்டதும் தலை திரும்பியது. "நீதானா அது? நல்லாத்தான் படிச்சே. எம் பொண்ண விட்டுட்டியே."

மூத்த மகன் குறுக்கே வந்தார். "அது வேற சாதிக்காரனோட போயிருச்சுங்க. எங்களுக்கு அப்படி யாரும் கெடையாது."

அம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை. "ஆத்துக்கு அந்தாண்டதான் இருக்கா. நீ பேசுறது அங்க கேக்குமில்ல?"

"கேக்கும்மா."

"அடுத்த தடவ சேத்துப் படி."

அதன்பின் பதினோரு நாள் அவர் உயிரோடு இருந்தார். துக்கம் கேட்டுவிட்டுப் போய்த் தலை முழுகியவர்கள் யாரும் மறுபடி அந்த வீட்டை எட்டிப் பார்க்கவில்லை. மாலைகள் வேலியிலேயே கறுத்தன.

பன்னிரண்டாம் நாள் விடிந்ததும் மூத்த மகன் மாடியேறி வந்தார். "பழசையே போடுங்க. நேரத்த மட்டும் சேருங்க, நாலு மணி. வேற எதையாச்சும் சேத்தீங்கன்னா, இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு சாவு சேதி உங்களுக்கு வராது."

வராவிட்டால் நிலையத்தை மூட வேண்டியதுதான். அது எனக்கும் தெரியும். தலையாட்டிவிட்டு உள்ளே போனேன். கண்ணாடிக்கு அப்பால் அவர் நின்றார். பதிவைப் போடவில்லை, மைக்கைத் திறந்து நேரடியாக வாசித்தேன். "இரண்டு மகன்களுக்கும், ஆற்றுக்கு அக்கரையில் வாழும் மகளுக்கும் தாயார்..." அவர் வாய் பெரிதாகத் திறந்து மூடியது. சத்தம் உள்ளே வரவில்லை.

முடித்ததும் தொலைபேசி அடித்தது. ஒரு பெண்.

"இன்னொரு தடவ படிப்பீங்களா?"

படித்தேன்.

நான் அறிவித்த சாவுக்கு முதல்முறையாக அன்று போனேன். வாசலில் மகள் வந்து நின்றாள். இளைய மகன் தடுக்கப் போனார். கூட்டத்தில் யாரோ, "ரேடியோவுலயே சொல்லியாச்சு, விடுப்பா" என்றார்கள். ஜனங்கள் விலகி அவளுக்கு வழி விட்டார்கள். என்னைக் கண்டதும் எனக்கும் விட்டார்கள், இன்னும் அகலமாக.

அடுத்த வாரம் முழுக்க ஒருவரும் காகிதம் கொண்டுவரவில்லை. ஊரில் சாவே நின்றுபோனது போலிருந்தது. ஏழரைக்கு மைக்கைத் திறந்தேன். மணி ஏழரை என்று மட்டும் சொல்லிவிட்டு மூடினேன்.