அக்காவின் உச்சிவேளைப் பசி

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் அவரை ஊர் ஊராக நடந்தவர் என்றே அறிவார்கள். ஏன் நடந்தார் என்பதை உடன்பிறந்த நான்தான் சொல்ல வேண்டும்.

மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் பிறந்தார். பதினைந்து வயதில் திருமணம். கர்ப்பமானபோது, நிறைய உண்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் சிக்கலாகும் என்று புகுந்த வீட்டில் அரை வயிற்றுக்குத்தான் களி போட்டார்கள். குழந்தை உயிரில்லாமல் பிறந்தது. பிறகு கொண்டுபோன தர்மபுரி ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் அம்மா, "ஒடம்புல ரத்தமே இல்லையே, சாப்பிடவே இல்லையா?" என்று கேட்டாராம். அடுத்த ஆண்டே அக்காவின் கணவரும் காய்ச்சலில் போய்விட்டார். அந்தக் கேள்வி ஒன்றுதான் அக்காவோடு மிஞ்சியது.

அதன் பிறகு கர்ப்பிணி இருக்கும் வீடு எதையும் அவர் விட்டதில்லை. கண் இமையை இழுத்துச் சிவப்புப் பார்ப்பார். காலை அழுத்தி வீக்கம் பார்ப்பார். ரேஷன் கார்டு இல்லாதவளுக்காகப் பாலக்கோட்டு ஆபீசில் போய் நிற்பார். உலகச் சண்டைக் காலத்தில் எங்கள் பக்கத்து ரயில் நின்றுபோனதும், ஆஸ்பத்திரிக்கு வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பார். ஆனால் மாமியார்களிடம் உபதேசம் எடுபடாது என்பது அவருக்குத் தெரியும். அதனால் சரியாக உச்சிவேளைக்குப் போவார்.

"பசிக்குதுங்க ஆத்தா. தனியா உண்டா எனக்கு எறங்காதுங்க. மருமவளயும் கூட உக்காரச் சொல்லுங்க."

பசி என்று வந்தவரை யார் விரட்டுவார்கள்? கைம்பெண் என்று முகம் சுளித்தவர்களும் இரண்டு வட்டிலில் களி போட்டு வைத்தார்கள். பெரிய கள்ளி எங்கள் அக்கா!

என் வளைகாப்புக்கு அவரை அழைக்கவில்லை. மாமியார் வேண்டாம் என்றார். நானும் வாய் திறக்கவில்லை. மறுநாள் உச்சியில் வாசலில் நின்று, "பசிக்குதுங்க" என்றார். கை நிறைந்த வளையலோடு அவர் எதிரில் உட்கார்ந்து உண்டேன். பிரசவம்வரை தினமும் மூன்று மைல் நடந்து வந்தார். என் மகன் நல்லபடியாகப் பிறந்தான்.

தன் வீட்டில் அக்கா இத்தனை வருடமும் தனியாகத்தான் உண்டார். அது எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. வெட்கமாக இருக்கிறது.

கடைசி மாதம் அவருக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளை, மாடு, அறுப்பு என்று நான் போகாமலே இருந்துவிட்டேன். அக்கா அப்படி உட்காரவைத்து உண்ணச் செய்தவர்களில் ஒருத்தி, அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டு மருமகள். அவள்தான் தினமும் தன் வட்டிலைத் தூக்கிக்கொண்டு போய், "பசிக்குதுங்க அக்கா. தனியா உண்டா எறங்காதுங்க" என்பாளாம். அக்கா சிரித்துவிட்டு இரண்டு வாய் உண்பாராம்.

வண்டிக்காரருக்கும், லேடி டாக்டர் அம்மாவுக்கும், கைக்குழந்தைகளோடு வந்து அக்காவை வழியனுப்பிய தாய்மார்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அந்த மருமகளுக்கு நன்றி சொல்ல மட்டும் எனக்கு நா எழவில்லை. அவள் உட்கார்ந்தது நான் உட்கார வேண்டிய இடம்.