பேப்பரில் இல்லாத கதை

நாடு சுதந்திரம் வாங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருக்கும். திண்டுக்கல் பேகம்பூரில் ஒரு சுருட்டுக் கம்பெனியில் வேலை பார்த்தேன். கம்பெனி என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். ஒரு ஓட்டுக் கொட்டகை, பதினைந்து பேர், புகையிலை வாசம். அந்த வாசம் சோற்றிலும் வரும், கனவிலும் வரும்.

அங்கே ஒரு பழக்கம். ஒருவர் பேப்பர் படிப்பார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுவார்கள். படிக்கிறவர் பங்கையும் அவர்களே சுருட்டிவிடுவார்கள். படித்துக்கொண்டிருந்தவர் மதுரைப் பக்கம் போய்விட்டார். "யாருக்கப்பு படிக்கத் தெரியும்?" என்றார் மேஸ்திரி. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத நான், "எனக்குத் தெரியும்ணே" என்றேன். ஏன் சொன்னேனோ!

செய்தியை டீக்கடையில் கேட்டு வந்து சொன்னேன். பேப்பரில் தினமும் வரும் தொடர்கதைக்கு என்ன செய்வது? பழையது முடிந்து புதிது வந்திருப்பதாகச் சொல்லி, பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நானாகவே ஆரம்பித்தேன். காணாமல் போன அண்ணனைத் தேடிப் போகும் ஒரு பெண். எங்கள் ஊரிலிருந்து நடந்து வரும் இரண்டு மைலில் கண்ணில் பட்டதெல்லாம் அவள் வழியிலும் வந்தது: பனி இறங்கிய மல்லிகைத் தோட்டம், மேகத்துக்குள் பாதி மறைந்த மலைக்கோட்டை, ஒற்றைக் கொம்பு மாடு. அந்த மாடு என்னைக் குத்த வந்தது, அது வேறு கதை. கொட்டகைக் கூரையில் ஒரு கண்ணாடி ஓடு உண்டு. அதன் வழியே இறங்கும் வெளிச்சத்தில் தூசி மிதக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால் அடுத்த வரி வந்துவிடும். மூன்று மாதம் இப்படியே ஓடியது.

ஒருநாள் மழை. மச்சினன் மாட்டுவண்டியில் சாக்கைப் போர்த்தித் தூங்கியே வந்துவிட்டேன். பேப்பரைப் பிரித்தால் ஒன்றும் வரவில்லை. முந்தின நாள் விட்ட இடத்திலேயே, அந்தப் பெண் பூட்டிய கோட்டைக் கதவு முன்னால் மழையில் நிற்கிறாள். கண்ணாடி ஓடும் இருண்டு கிடந்தது.

"இன்னிக்குக் கதை போடலண்ணே."

"அதெப்படி? அந்தப் புள்ளைய மழையில நிப்பாட்டிப்புட்டா போவான் கதை எழுதுறவன்? நல்லாப் பாருலே!" எதிரில் சுருட்டிக்கொண்டிருந்த அக்கா விடவில்லை.

அந்த வாரம்தான் ஒரு பாய் வேலைக்குச் சேர்ந்திருந்தார். "நீங்க படிச்சவுகளாமே, செத்தப் பாருங்க பாய்" என்றார் மேஸ்திரி.

பாய் பேப்பரை வாங்கினார். மூன்று மாதம் என் பங்கையும் சுருட்டியவர்கள் அவர் வாயையே பார்த்தார்கள். அவர் பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"போட்டிருக்கானே, கீழ மூலையில. 'காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை'ன்னு ஆரம்பிக்குது. பொடி எழுத்து, எனக்குத் தெரியல. நீயே படி அப்பு."

பேப்பர் கைக்கு வந்தது. அவளுடைய பசியும் வந்தது. பசித்தவள் கதவையா பார்த்து நிற்பாள்? அடுப்புப் புகை தெரிந்த வீட்டுக்குப் போனாள். கூழ் ஊற்றிய பெண்ணின் இடுப்பில் இருந்த குழந்தைக்கு அண்ணனின் மூக்கு. அக்கா கண்ணைத் துடைத்தாள். புகையிலைக் கை பட்டு இன்னும் எரிந்தது.

சாயங்காலம் கேட்டேன். "அதுல என்ன பாய் போட்டிருந்துச்சு?"

"பூராம் வெங்காய வெல" என்று சிரித்தார். "எனக்கும் அந்தப் புள்ள கதவத் தாண்டணும்லப்பா."

மறுநாள் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். மேஸ்திரி வாய்க்கு வந்தபடி ஏசினார். அக்காதான், "சரிலே, பேப்பரக் கீழ போட்டுட்டு மேல சொல்லு" என்றாள்.

இப்போது நான் சொல்ல, மருமகள் எழுதுகிறாள்; நாலைந்து கதை அச்சிலும் வந்துவிட்டது. கதை நின்றுபோனால் ஒரு நடை நடந்துவிட்டு வந்து, கதையில் நிற்கிற ஆள் காலையிலிருந்து என்ன சாப்பிட்டான் என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்கிற குரல் இன்னும் அந்த பாயுடையதாகத்தான் இருக்கிறது.